வைஃபை இருக்கு, நெட் இல்லை: வீட்டு இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நெட் போனதும் வாயில் வரும் முதல் வார்த்தை “வைஃபை வேலை செய்யலை” என்பதுதான். பாதி நேரம் வைஃபை பாவம், அது நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறு இடத்தில். வெளியிலிருந்து வரும் லைன், வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, பெட்டிக்கும் போனுக்கும் நடுவே இருக்கும் காற்று என மூன்று இடங்கள் இருக்கின்றன. கீழே வரும் சொற்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவை. எது எதைச் சேர்ந்தது என்று தெரிந்தால் புகார் கொடுப்பதும் சுலபம், தேவையில்லாமல் புதுப் பெட்டி வாங்காமல் இருப்பதும் சுலபம்.

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்றுதானே?

இல்லை. இன்டர்நெட் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கேபிள் வழியாகவோ மொபைல் டவர் வழியாகவோ உங்கள் பெட்டி வரை வருகிறது. பெட்டியிலிருந்து உங்கள் போன் வரை ரேடியோ அலையில் போகும் கடைசிச் சில மீட்டர்தான் வைஃபை. அதனால்தான் வைஃபை கோடுகள் முழுசாகக் காட்டும்போதே ஒன்றும் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெட்டியின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன. அந்தப் பக்கம் லைன் அறுந்து கிடப்பது அவற்றுக்குத் தெரியாது.

சோதித்துப் பார்க்கலாம். நெட் போன நேரத்தில் வைஃபையில் இணைந்திருக்கும் பிரிண்டருக்குப் போனில் இருக்கும் ஒரு படத்தை அனுப்புங்கள். அச்சாகி வந்தால் வீட்டு நெட்வொர்க்கில் குறையில்லை. பிரிண்டர் இல்லையா? பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கும். லாகின் பக்கம் வந்துவிட்டால் உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே எல்லாம் சரி. பிரச்சினை அதற்கு அப்பால்.

மோடம், ரவுட்டர், ஓஎன்டி, ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட்: இத்தனை பெட்டியா வீட்டில் இருக்கிறது?

வேலைகள்தான் இத்தனை, பெட்டி பெரும்பாலும் ஒன்றுதான். வெளி லைனில் வரும் சிக்னலை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும்படி மாற்றுவது மோடம். ஃபைபர் லைனில் அதே வேலையைச் செய்வதற்கு ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்று பெயர். அந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ரவுட்டர். வைஃபை அலையைப் பரப்புவது ஆக்சஸ் பாயின்ட். கேபிள் செருகக் கூடுதல் இடம் தருவது ஸ்விட்ச், அவ்வளவே.

இணைப்பு தரும் நிறுவனம் கொண்டுவந்து மாட்டும் பெட்டியில் பெரும்பாலும் இவை எல்லாமே அடக்கம். நீங்கள் தனியாக ஒரு நல்ல ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் செருகும்போதுதான் சின்னச் சிக்கல் வரும். இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வேலையைச் செய்யும். இதை டபுள் நாட் என்பார்கள். படம் பார்க்க, செய்தி படிக்க இது ஒரு பொருட்டே இல்லை. ஆன்லைன் கேமும் வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்ப்பதும் தகராறு செய்யலாம். நிறுவனத்தின் பெட்டியை, அதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவைக்கும் ‘பிரிட்ஜ் மோட்’டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அது முடியாது என்றால் உங்கள் ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’டில் போடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

பெட்டியில் இத்தனை விளக்குகள் எரிகின்றனவே, எதைப் பார்ப்பது?

ஃபைபர் பெட்டி என்றால் இரண்டே இரண்டு. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, இழை வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை. நீங்கள் நூறு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. பெட்டியின் பின்னால் போகும் மெல்லிய கேபிள் சோஃபா காலில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா, முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி. மடக்கினால் ஒளி கசிந்துவிடும். முனையைக் கழற்றி ஊதித் துடைக்க வேண்டாம். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது, உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை.

பிஓஎன் விளக்கு அசையாமல் எரிய வேண்டும். அது மின்னிக்கொண்டே இருந்தால், மறுமுனையில் இருக்கும் கருவியோடு உங்கள் பெட்டி இன்னும் சேரவில்லை என்று பொருள். இந்த இரண்டு விளக்கின் நிலையையும் போன் செய்த உடனே சொன்னால், “ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?” என்ற முதல் ஐந்து நிமிடம் மிச்சம்.

100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தேன். டவுன்லோடு 12க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறதே?

உங்களை யாரும் ஏமாற்றவில்லை, அளவைதான் வேறு. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். டவுன்லோடு செய்யும்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட், அதில் முகவரி, சரிபார்ப்பு போன்ற உபரித் தகவலுக்குக் கொஞ்சம் போக 11, 12 நிற்கும். பிளான் எண்ணை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், சண்டை தேவைப்படாது.

300 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீட் டெஸ்ட் எப்போது செய்தாலும் 94. ஏன்?

இந்த 94 ஒரு கைரேகை மாதிரி. எந்த எண்ணைப் பார்த்தாலும் சந்தேகப்படலாம், 94ஐப் பார்த்தால் ஏறக்குறைய நிச்சயமாகவே சொல்லலாம்: வழியில் எங்கோ ஓர் ஈதர்நெட் கேபிளோ (கருவிகளைக் கம்பியால் இணைப்பது), அதைச் செருகும் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. 100இல் உபரி போக மிஞ்சுவதுதான் 94, 95. ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) கேபிளில் அதே கணக்கு 940 என்று வரும்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸுக்கு நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே ஒரு கம்பி முனையில் சரியாக உட்காராவிட்டாலும் இரு கருவிகளும் தங்களுக்குள் பேசி, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். எந்த எச்சரிக்கையும் வராது. முதலில் கேபிளை மாற்றுங்கள். கேபிளின் மேல் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் கேட் 5 என்றாலோ, முனையில் நான்கே கம்பி தெரிந்தாலோ அதைத் தூக்கிப் போடலாம். கேபிள் நன்றாக இருந்தும் 94 என்றால் போர்ட்டே அவ்வளவுதான்; விலை குறைந்த ரவுட்டர்களில் இன்னும் 100 எம்பிபிஎஸ் போர்ட் வருகிறது.

இன்னொரு வேடிக்கை: பெரிய 4கே டிவிகள் பலவற்றிலும் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அந்த டிவிகளில் கேபிளைவிட வைஃபை வேகம் காட்டலாம். கவலை வேண்டாம், 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம்.

இரவில் மட்டும் வேகம் குறைகிறதே?

விளம்பரத்தில் எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ ‘வரை’ என்று ஒரு சிறு சொல் இருக்கும். வீடுகளுக்குப் பரவலாகத் தரப்படும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரே இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள், பொதுவாக 32 அல்லது 64 வரை. அந்த எல்லா வீடுகளுக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (அதாவது ஜிகாபிட்), அப்லோடு 1.25. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் காணலாம். அதற்கும் மேலே, நிறுவனத்தின் சொந்த இணைப்புகளிலும் நெரிசல் வரலாம்.

ஆனால் அதே நேரத்தில்தான் பக்கத்து வீட்டு வைஃபைகளும் உச்சத்தில் இருக்கும். அதனால் கேபிளில் செருகிய கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்த பிறகே லைனைக் குறை சொல்லுங்கள்.

பிங், லேட்டன்ஸி, ஜிட்டர்: இவை வேகம் இல்லையா?

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. லேட்டன்ஸி என்பது கேட்டதற்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது, மில்லிவிநாடியில் சொல்வார்கள். அதை அளப்பதுதான் பிங். ஒவ்வொரு முறையும் அந்த நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது ஜிட்டர். படம் டவுன்லோடு செய்பவருக்கு முதலாவது முக்கியம். வீடியோ காலில் பேசுபவருக்கும் கேம் ஆடுபவருக்கும் மற்ற இரண்டும்தான் உயிர். வீடியோ காலுக்கு மூன்று, நான்கு எம்பிபிஎஸ் போதும். பிறகும் குரல் விட்டு விட்டு வருகிறதென்றால் பெரிய பிளானுக்கு மாறிப் பயனில்லை.

லேட்டன்ஸியில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப, நேர்க்கோட்டில் கேபிள் இருந்தால்கூட 100 மில்லிவிநாடி. கேம் சர்வரில் பக்கத்துப் பிராந்தியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

குறைக்க முடிந்த பகுதி வீட்டுக்குள் இருக்கிறது. ஒருவர் பெரிய ஃபைலை மேலே ஏற்றும்போது ரவுட்டரில் வரிசை நீண்டு, மற்றவர்களின் சின்னச் சின்னத் தகவல்களும் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்ளும். பஃபர்ப்ளோட் என்று பெயர். கண்டுபிடிப்பது எளிது: லைன் சும்மா இருக்கும்போது 8.8.8.8க்கு (கூகுள் நடத்தும் ஒரு சர்வரின் முகவரி) பிங் பாருங்கள், பிறகு ஒரு ஸ்பீட் டெஸ்டை ஓடவிட்டுப் பாருங்கள். 10இல் இருந்தது 300, 400 என்று எகிறினால் அதுதான். சில ரவுட்டர்களில் இந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கும்; அதை இயக்கி, வேக வரம்பை உங்கள் நிஜ வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். என்னைக் கேட்டால் புது ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று எண்ணுவதைவிட இந்த வசதி உண்டா என்று கேட்பது உருப்படியான காரியம்.

அப்லோடு வேகத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

விளம்பரத்தில் பெரிய எண் டவுன்லோடுதான், அதனால். கேமரா பதிவுகள், போட்டோ பேக்கப், வீடியோ காலில் உங்கள் முகம் எல்லாமே அப்லோடில் போகின்றன. தொலைபேசிக் கம்பியிலும் டிவி கேபிளிலும் வரும் இணைப்புகளில் அப்லோடு டவுன்லோடைவிட மிகக் குறைவாக இருப்பது வழக்கம். ஃபைபரில் இரண்டும் சமமாகத் தருபவர்களும் உண்டு. பிளான் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை பெயர் வருகிறது. எதில் சேருவது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: இந்த 5க்கும் மொபைலின் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5, அதற்கு அப்பால் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். 2.4இல் கூட்டமும் அதிகம். புளூடூத் அங்கேதான் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அடுப்பு ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் வீடியோ நிற்பதாகச் சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை.

ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. அவற்றை இணைக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், போன் 5இல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். புதிய கருவிகளில் 6 ஜிகாஹெர்ட்ஸும் வருகிறது. அனுமதிக்கும் அளவு நாட்டுக்கு நாடு வேறு.

சேனல் என்றால்?

அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள். 2.4இல் சேனல்கள் பதினொன்று, பதின்மூன்று என்று எண் போட்டிருந்தாலும் ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டுமே. 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்தாரோடும் மோதல். சேனல் அகலத்தை 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 40க்கு மாற்றினால் நெருக்கமான குடியிருப்பில் இருக்கிற வேகமும் போகும். 5இல் 80 வரை போகலாம்.

5இல் சில சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்துமுன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். ரீஸ்டார்ட் செய்தபின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாக வருவதற்கு இதுதான் காரணம்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குள், தரையில்: மூன்றும் வேண்டாம். வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், மேசை உயரத்துக்கு மேல். போனில் சிக்னல் அளவைக் காட்டும் ஆப் இருந்தால் எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குக் கவலையில்லை, மைனஸ் 80 என்றால் அந்த அறைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வேறு வழி என்றால் எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா?

கேபிள் இழுக்க முடிந்தால் இரண்டுமே வேண்டாம். அந்த அறை வரை ஓர் ஈதர்நெட் கேபிள் போட்டு, முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதற்கு ஈடு இல்லை. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு இது ஏராளம்.

எக்ஸ்டெண்டர் என்பது ரவுட்டர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் கருவி. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இதில் எல்லோரும் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் செருகுவது. அங்கே அதற்கே சிக்னல் இல்லை, எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் செருக வேண்டும்.

மெஷ் என்பது ஒரே பெயரில், ஒரே குடும்பமாக வேலை செய்யும் பல பெட்டிகள். நீங்கள் நடக்க நடக்க போன் அடுத்த பெட்டிக்கு மாறும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதைக்கு பேக்ஹால் என்று பெயர். அதற்கென்று தனி அலைவரிசை இருந்தால் நல்லது. கேபிளே இருந்தால் மிக நல்லது.

வைஃபை 5, 6, 7: எண் கூடினால் நெட் வேகம் கூடுமா?

லைனின் வேகம் கூடாது. 2018இல்தான் வைஃபை அலையன்ஸ் இப்படி எண் வைக்க ஆரம்பித்தது, அதுவரை 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 2009இல் வந்த தரம் வைஃபை 4, 2013இல் வந்தது 5. வைஃபை 6இன் உண்மையான பலன், ஒரே நேரத்தில் நிறையக் கருவிகள் இணைந்திருக்கும்போது தெரியும். வைஃபை 7 சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. ரவுட்டர் 7ஆக இருந்து போன் 5ஆக இருந்தால் பேச்சு 5இல்தான் நடக்கும். 100 எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு இதற்காகச் செலவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

ஐபி முகவரி எனக்கு ஒன்றா, இரண்டா?

இரண்டு. நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குத் தகவலைக் கொண்டுசேர்க்க உதவும் எண்தான் ஐபி முகவரி. போனின் வைஃபை செட்டிங்ஸில் 192.168 என்று தொடங்கும் எண் தெரியும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கும் எண்கள் இப்படி உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை; உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் அதே எண்கள் ஓடுகின்றன. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி. உள்ளேயிருந்து யார் கேட்டார்கள் என்பதைக் குறித்துவைத்து, பதிலை அவரிடமே சேர்க்கும் வேலைக்கு நாட் என்று பெயர்.

இந்த ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் பற்றாக்குறை. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். மையக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் கொடுத்து முடிந்தன. அதன்பின் நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறையைப் பரவலாகக் கையாள்கின்றன. உங்கள் ரவுட்டரின் லாகின் பக்கத்தில் ‘வான்’ (WAN) முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பகிர்வில் இருக்கிறீர்கள். அந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை செய்தாலும் பலிக்காது.

போர்ட் ஃபார்வர்டிங் எதற்கு?

வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிட. போர்ட் என்பது இங்கே துளை இல்லை, எண். பாதுகாப்பான வலைத்தளங்களுக்கு 443 போல. தேவை உறுதியாகத் தெரியாதவரை எதையும் திறக்க வேண்டாம். கருவிகள் தாங்களாகவே இப்படித் திறந்துகொள்ள அனுமதிக்கும் யுபிஎன்பியையும் அணைத்துவைக்கலாம். ஏதாவது கேம் முரண்டு பிடித்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐபிவி6 வந்தால் இதெல்லாம் தேவையில்லையா?

ஐபிவி6இல் முகவரி 128 பிட் நீளம். பஞ்சமே இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த வெளி முகவரி கிடைக்கும். பல வீடுகளில் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கேட்காமல் வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஐபிவி6 ஃபயர்வால் ரவுட்டரில் இயங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

டிஎச்சிபி என்றால்?

கருவி இணைந்ததும் அதற்கு ஒரு முகவரியைத் தானாகக் கொடுக்கும் ஏற்பாடு, ரவுட்டர்தான் கொடுக்கும். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஓர் எண்ணை ஞாபகம் வையுங்கள்: 169.254. கம்ப்யூட்டரின் முகவரி இப்படித் தொடங்கினால் அது ரவுட்டரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிளையோ ரவுட்டரையோ பாருங்கள். இணைப்பு தரும் நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை.

பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ ஆகிறதா? அதன் முகவரி மாறிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் அதற்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் கூடுமா?

வலைத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983 முதல் இருக்கும் ஏற்பாடு. இதை மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்கும் அந்த முதல் கணம் கொஞ்சம் சுருங்கலாம். டவுன்லோடு வேகம் மாறாது. 300 எம்பிபிஎஸ் லைனை 500 ஆக்கும் டிஎன்எஸ் ரகசியம் என்று வீடியோ வந்தால் தாண்டிப் போய்விடலாம்.

ஆனால் டிஎன்எஸ் படுத்தால் எல்லாமே படுத்த மாதிரி இருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதைகள் இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டு, பெயருக்கு எண் சொல்ல ஆளில்லாமல் போனது. வீட்டில் இதைச் சோதிக்க: தளங்கள் எதுவும் திறக்கவில்லை, ஆனால் 8.8.8.8க்குப் பிங் வருகிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ்தான் கோளாறு. ரவுட்டரில் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9இன் 9.9.9.9 இவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

மேக் முகவரி என்பது ஆப்பிள் கம்ப்யூட்டருக்கா?

இல்லை, கருவியை அடையாளம் காட்டும் எண் அது, நெட்வொர்க்கில் சேரும் எல்லாக் கருவிக்கும் உண்டு. 48 பிட் நீளம். ஆறு ஜோடிகளாக எழுதுவார்கள், பொதுவாக முதல் மூன்று ஜோடிகள் தயாரிப்பாளரைக் காட்டும். அண்மைக்கால போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு நல்லது. ரவுட்டரில் மேக் முகவரியை வைத்துப் பிள்ளைகளின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டவர்களுக்குத்தான் தலைவலி. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அந்த போனில் அணைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு ஒன்று போதாதா?

உங்களிடம் இருப்பதே இரண்டு. ஒன்று வைஃபையில் சேருவதற்கு. மற்றொன்று ரவுட்டரின் உள்ளே போய் அமைப்புகளை மாற்றுவதற்கு. முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள், இரண்டாவதைப் பெட்டியோடு வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றை வைத்தே டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே பலருக்குத் திறக்கவில்லை.

வைஃபைக்குப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3; பழைய கருவி ஏதாவது சேர மறுத்தால் டபிள்யூபிஏ2வும் 3உம் கலந்தது. பட்டியலில் டபிள்யூஇபி என்று ஒன்று இருந்தால் தொடாதீர்கள், அது 2001இலேயே உடைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸில் எட்டு இலக்க ‘பின்’ (PIN) எண்ணைக் கொடுத்து இணைக்கும் முறையும் உண்டு. அதை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்த செய்தி. அணைத்துவிடுங்கள்.

வைஃபை பெயரை, அதாவது எஸ்எஸ்ஐடியை, மறைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. இலவச ஆப் ஒன்றே கண்டுபிடித்துவிடும்.

கெஸ்ட் நெட்வொர்க் வேண்டுமா?

வேண்டும். அதே ரவுட்டரில் தனிப் பெயரில் ஓடும் இன்னொரு வைஃபை அது. விருந்தினருக்கு மட்டுமல்ல, ஸ்மார்ட் பல்புகளையும் கேமராக்களையும் அதில் ஒதுக்கிவிட்டால் அவற்றில் ஒன்றை யாராவது கைப்பற்றினாலும் உங்கள் கம்ப்யூட்டரை எட்ட முடியாது.

விபிஎன் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாதா?

விபிஎன் உங்கள் தகவலைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிறது. அதனால் இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. அந்த இடத்தில் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். நீங்கள் லாகின் செய்த தளத்துக்கு நீங்கள் யார் என்பது எப்போதும்போல் தெரியும். இலவச விபிஎன்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களும் எங்கிருந்தாவது சம்பாதித்தாக வேண்டுமே.

ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறதே, எப்படி?

ரவுட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் நினைவகம் நிறையும், மென்பொருள் எங்கோ சிக்கி நிற்கும், நாட் அட்டவணை தாறுமாறாகும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. அரை நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மூன்று நிமிடம் பொறுங்கள். பின்னால் குண்டூசி நுழையும் துளையில் இருக்கும் ரீசெட் பொத்தான் வேறு விஷயம். அதை அழுத்திப் பிடித்தால் உங்கள் பாஸ்வேர்டு முதல் நிறுவனம் போட்டுத்தந்த லாகின் வரை எல்லாம் போய்விடும்.

தினமும் ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் அது தீர்வு இல்லை. பெட்டி சூடாகிறதா, அடாப்டர் பலவீனமாகிவிட்டதா, ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு, புதுப்பிப்பு காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது என்ன சொன்னால் வேலை நடக்கும்?

“நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் பாடம்தான் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கேபிளில் செருகிய கம்ப்யூட்டரில் சோதித்தேன். 300 பிளானில் இரவு ஒன்பது மணிக்கு 40 வருகிறது, காலை ஆறுக்கு 290. எல்ஓஎஸ் எரியவில்லை, பிஓஎன் நிலையாக இருக்கிறது. ரவுட்டருக்குப் பிங் 1 மில்லிவிநாடி, 8.8.8.8க்கு 200.” கேபிள், பெட்டி, வைஃபை மூன்றையும் நீங்களே விலக்கிவிட்டீர்கள், மிச்சம் அவர்கள் பக்கம்தான் என்று எதிர்முனையில் இருப்பவருக்கும் புரியும். எண்களைப் படம் எடுத்து, நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டாம் முறை போன் செய்யும்போது வேறொருவர் எடுப்பார், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்.